மெக்சிக்கோவிலிருந்து வந்த கோடிச் சீலை

என் மச்சாள் தவநாயகி செத்துப்போனாள் என்று ரேடியோவில் சொன்னபோது, அவள் எனக்கு முன்னால் இருந்து தோசை தின்றுகொண்டிருந்தாள்.

2009ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசி, ஒரு திங்கட்கிழமை காலை. விம்பிள்டனில் என் அண்ணர் கிருஷ்ணராசாவின் வீட்டுக் குசினி. தவநாயகி அவருடைய மனைவி. நான் சிவனேஸ்வரி, அண்ணரின் ஒரே தங்கை, அடுத்த தெருவில் இருக்கிறேன். அந்த மாதம் முழுக்க எங்கள் எல்லோர் வீட்டிலும் தமிழ் ரேடியோவை யாரும் நிறுத்துவதில்லை. வன்னியில் யுத்தத்தின் கடைசி நாட்கள், அங்கேயிருந்து என்ன செய்தி வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருப்போம். அன்றைக்குச் செய்தி முடிந்து மரண அறிவித்தல் தொடங்கியது.

"யாழ்ப்பாணம் உரும்பிராயைப் பிறப்பிடமாகவும் லண்டன் விம்பிள்டனை வதிவிடமாகவும் கொண்ட திருமதி தவநாயகி கிருஷ்ணராசா அவர்கள் காலமானார். அன்னார் கிருஷ்ணராசாவின் அன்பு மனைவியும், மேனுஷாவின் பாசமிகு தாயாரும், மெக்சிக்கோவில் வசிக்கும் அம்பலவாணனின் ஆருயிர்ச் சகோதரியும் ஆவார். ஈமைக்கிரியை பற்றிய விபரம் பின்னர் அறிவிக்கப்படும். தகவல்: நரசிம்மன், ரொறன்ரோ."

தோசைத் துண்டு தவத்தின் வாய்க்குக் கிட்ட அப்படியே நின்றுவிட்டது. அண்ணர் தேத்தண்ணியை மடியில் ஊற்றிக்கொண்டார். நான் "ஐயோ மச்சாள்!" என்று கத்தினேன். கண்ணுக்கு முன்னால் உயிரோடு இருக்கிறவளைப் பார்த்து அப்படிக் கத்தியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"என்னப்பா இது? என்ரை பேரையெல்லோ சொல்லுறாங்கள்!" என்றாள் தவம்.

நரசிம்மன் அவளுடைய பெரியப்பாவின் மகன். தவம் உடனே ரொறன்ரோவுக்குப் போன் அடித்தாள். அங்கே இன்னும் விடியவில்லை. "ஆர் கதைக்கிறது?" என்று நித்திரைக் குரல் கேட்டது. "நான் தவம்" என்றாள் இவள். அந்தப் பக்கத்தில் ஏதோ விழுந்த சத்தம். பிறகு அவருடைய மனைவி போனை எடுத்து, "இஞ்சை பாருங்கோ, செத்த ஆக்களின்ரை பேரிலை விளையாடாதேங்கோ, நீங்கள் நல்லாய் இருக்கமாட்டியள்" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டாள். நாலாவது தரம் அடித்து, உரும்பிராய் வீட்டுக் கிணற்றுக்குள் நரசிம்மன் விழுந்த கதையைச் சொன்ன பிறகுதான் அவர் நம்பினார்.

"அப்ப அம்பலம் ஏன் எனக்கு அழுதழுது சொன்னவன்? 'தவம் போட்டாள், எல்லாருக்கும் சொல்லு, நான் வெளிக்கிடுறன்' எண்டவனே!"

அண்ணரின் முகம் சாம்பல் பூத்துப்போனது. தவம் மெல்லக் கதிரையில் இருந்தாள். என்ன நடந்திருக்கிறது என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

இதைச் சொல்ல வேண்டுமானால் நான் அம்பலவாணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்பலவாணன் தவத்தின் ஒரே அண்ணர். எனக்கு அத்தான் முறை. எழுபதுகளின் தொடக்கத்தில் படிக்க என்று லண்டனுக்கு வந்தவர், படிப்பை அரைகுறையில் விட்டுவிட்டு லண்டன் சுரங்க ரெயிலில், டிஸ்ட்ரிக்ற் லைனில் ரெயின் ஓட்டப் போனார். காரணம் வேறொன்றுமில்லை. தகப்பன் போய்விட்டார், ஊரில் தங்கச்சி கலியாணத்துக்கு நின்றாள். உழைத்து, சீதனம் கொடுத்து, என் அண்ணருக்குக் கட்டிக் கொடுத்தார். அந்த நேரம் மாற்றுச் சம்பந்தம் பேசினார்கள். தங்கச்சியை எங்கள் வீட்டுக்குக் கொடுக்கிறவர் எங்கள் வீட்டுப் பெட்டையை, அதாவது என்னை, எடுக்க வேண்டும் என்று. "இப்போதைக்குக் கலியாணம் செய்யும் எண்ணம் இல்லை" என்று லண்டனிலிருந்து பதில் வந்தது. நான் ஒன்றும் அழுது வடியவில்லை. எனக்கு வேறொரு நல்ல மனுசன் கிடைத்தார். ஆனாலும் ஒருவர் நம்மை வேண்டாம் என்றது எத்தனை வருடம் போனாலும் லேசில் மறக்காது. நான் கதை சொல்லும்போது அங்கங்கே தூள் கொஞ்சம் கூடிப்போனால் அதுதான் காரணம்.

அண்ணரும் தவமும் லண்டனுக்கு வந்து விம்பிள்டனில் குடியேறினார்கள். அத்தானின் பிளாற் ஈஸ்ட் ஹாமில். அவருடைய ரெயின் விம்பிள்டனில் வந்து திரும்பும் நாட்களில், தவம் புட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு பிளாற்போமில் நிற்பாள். அவர் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, முதல்நாள் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பி ஓட்டுவதற்கு வண்டியின் மற்ற முனைக்கு நடந்து போவார். அந்த நடைக்குள் இரண்டு பேரும் கதைத்து முடிக்க வேண்டும். பெரும்பாலும் தவம்தான் கதைப்பாள். பெரும்பாலும் பொம்பிளைக் கதைதான். "கிளிநொச்சிப் பக்கம் ஒரு ரீச்சர் இருக்கிறாவாம் அண்ணை." "பாரிசிலை ஒரு பிள்ளை, நல்ல அடக்கமாம்." அவர் சிரித்துக்கொண்டே ரெயினில் ஏறிவிடுவார். தனக்குச் சீதனம் சேர்க்கப் போய்த்தான் அண்ணை தனிக்கட்டையாகிப் போனார் என்ற குத்தல் அவளுக்கு. அந்த மனுசனுக்கு ஒரு துணை தேடிக் கொடுக்காமல் தன் கண் மூடாது என்பாள்.

முழங்கால் வாதம் வந்து அத்தான் நேரத்தோடு ஓய்வு எடுத்தார். கூட ரெயின் ஓட்டிய வெள்ளைக்கார நண்பர் ஒருவர், "உந்தக் குளிருக்குள் கிடந்து ஏன் சாகிறாய்" என்று, தான் மாரிகாலத்தைக் கழிக்கும் ஊருக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனார். மெக்சிக்கோவில், பசிபிக் கடற்கரையில் ஒரு சின்னப் பட்டினம். அதன் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. தவம் அதைக் "கண்டறியாத ஊர்" என்றுதான் சொல்லுவாள்.

ஒரு மாரி போனவர் பிறகு ஒவ்வொரு மாரியும் போனார். நவம்பர் பிறந்தால் பெட்டி கட்டிவிடுவார். அது ஒரு விசித்திரமான ஊர். கனடாக்காரர், அமெரிக்கர், கொஞ்சம் இங்கிலிஷ்காரர், எல்லோரும் தலை நரைத்தவர்கள், குளிருக்குத் தப்பி ஓடி வந்தவர்கள். அவர்கள் வந்து இறங்கியதும் பூட்டிக்கிடந்த வீடுகளின் கதவு திறக்கும், சாப்பாட்டுக் கடைகள் வெள்ளையடிக்கும். ஒரு நாள் சீட்டாட்டம், ஒரு நாள் ஸ்பானிஷ் வகுப்பு, ஒரு நாள் திமிங்கிலம் பார்க்கப் படகு. சனிக்கிழமைச் சந்தையில் பாணும் ஜாமும் செய்து ஆளுக்காள் விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தான் நண்டுக் கறி வைத்து எல்லோரையும் அழவைப்பார். அவரவர் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு ஒரு கூட்டம் பார்க்க வந்து, முதுகு தோலுரியக் காய்ந்துவிட்டுப் போகும். ஏப்ரல் முடியச் சூடு தாங்க ஏலாது. ஒவ்வொருவராகச் சாமானைப் பூட்டிவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஊர், ஊர்க்காரரிடம் திரும்பி வரும். அத்தானும் கறுத்து மினுங்கி, ஒரு பை காய்ந்த மிளகாயோடு ஹீத்ரோவில் வந்து இறங்குவார்.

2007 தை மாதம் நாங்களும் பார்க்கப் போனோம், அண்ணரும் தவமும் நானும். அத்தான் மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார். கீழே வீட்டுச் சொந்தக்காரி எல்வீரா மீன் சாப்பாட்டுக்கடை நடத்தினாள். ஐம்பது தாண்டிய விதவை, உருண்டை முகம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. தவம் போன மறுநாளே அவளுடைய குசினியைக் கைப்பற்றிவிட்டாள். "இதென்ன, மீனுக்கு எலுமிச்சம் புளியோ? தள்ளு, தள்ளு!" என்று பழப்புளி கரைத்து ஊற்றினாள். எல்வீரா தள்ளி நின்று சிரித்தாள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. அதனால் சண்டையும் வரவில்லை.

திரும்பும் நாள், தவம் பெட்டி அடுக்கும்போது எல்வீரா வந்து அரக்கு நிறக் காஞ்சிபுரம் சீலை ஒன்றின் கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஈஸ்ட் ஹாமில் வாங்கிய சீலை, தவம் இரண்டு தரம்கூட உடுத்தவில்லை. சட்டென்று அதை எடுத்து எல்வீராவின் கையில் வைத்துவிட்டாள்.

"வீட்டுக்காரிக்கு உவ்வளவு விலைச் சீலை என்னத்துக்கு மச்சாள்?" என்று நான் கேட்டேன்.

"பாவம், அண்ணையை நல்லாய்ப் பாக்கிறாள்" என்றாள்.

எப்படிப் பார்க்கிறாள் என்றுதான் எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போனது. இரண்டு கண்ணும் இரண்டு காதும் உள்ள மூன்று பேர், இரண்டு கிழமை அங்கே தின்று குடித்துவிட்டு வந்தோம்!

2008 நவம்பரில் அத்தான் புறப்படுவதற்கு முதல்நாள் விம்பிள்டனுக்குச் சாப்பிட வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஈஸ்ட் ஹாம் பிளாற்றை வித்துப்போட்டன். இனி அங்கைதான் இருக்கப்போறன்."

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் தவம்.

"முழுக்க."

ஏன் என்று கேட்டாள். "சும்மாதான்" என்றார். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள், தன் சமையல் பிடிக்கவில்லையா என்று கேட்டாள், கடைசியில் அழுதாள். அவர் சோற்றுக் கோப்பையைவிட்டு நிமிரவில்லை. எனக்கே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. தவத்துக்கு வந்த கோபத்தில் எழும்பி நின்று கையை நீட்டினாள். "அப்ப போங்கோ! எனக்கு அண்ணையும் இல்லை ஆட்டுக்குட்டியும் இல்லை. என்ரை செத்தவீட்டுக்கும் வரப்படாது, சொல்லிப்போட்டன்!"

"சரி, வரமாட்டன்" என்றார் அவர். கை கழுவினார், போனார்.

மாரியில் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரும் கதைக்கிற போன் நின்றது. இவள் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. மாரி முழுக்கத் தவம் விம்பிள்டன் ஸ்ரேஷன் பக்கமே போகவில்லை. குரோய்டனுக்குப் போவதென்றாலும் அந்த ஸ்ரேஷனிலிருந்து புறப்படும் ட்ராமை விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போவாள். கேட்டால் "விசர்க் கதை கதையாதை" என்று என்னில் பாய்வாள்.

அப்போதுதான் ஏப்ரலில் பன்றிக்காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை ரீவியில் பார்த்தோம். மெக்சிக்கோ. வாயை மூடிக்கட்டிய சனம், பூட்டிய பள்ளிக்கூடங்கள், செத்தவர்களின் தொகை. எங்கள் சனம் சாவதைப் பார்த்துப் பார்த்து ஏற்கெனவே பாதி உயிரோடு இருந்தவளுக்கு இது போதாதா? "ஐயோ என்ரை அண்ணை!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அவரைக் கூப்பிடுங்கோ. உடனை வரச் சொல்லுங்கோ." தான் கதைக்கமாட்டாளாம். ரோசம்! அண்ணர் கதைக்க வேண்டுமாம்.

"காய்ச்சலுக்குப் பயந்து வாங்கோ எண்டால் சிரிப்பார்" என்றார் அண்ணர்.

"எனக்கு வருத்தம் எண்டு சொல்லுங்கோ. அதுக்கு வருவார்."

"நோய் நொடியைச் சொல்லிப் பொய் சொல்லாதையுங்கோ, பலிச்சுப்போம்" என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள்?

அண்ணருக்குப் பொய் சொல்ல வராது. குரல் நடுங்கியது. பக்கத்தில் நின்று தவம் அவருடைய கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "மச்சான்... தவத்துக்குக் கொஞ்சம் கடுமை. உடனை வெளிக்கிட்டு வாங்கோ."

அந்தப் பக்கத்திலிருந்து "ஓம்" என்ற ஒரு சொல். வைத்துவிட்டார்.

"பாத்தியளே! ஒரு கேள்வி கேக்காமல் ஓம் எண்டிட்டார்!" என்று தவம் துள்ளினாள். ஞாயிறு இரவே வடைக்கு உழுந்தும் ஊறப்போட்டுவிட்டாள்.

எங்கள் சனத்தில் தூரத்தில் இருக்கிறவருக்கு யாரும் போனில் "செத்துப்போனார்" என்று சொல்வதில்லை. தனியே இருக்கிற இடத்தில் நெஞ்சு வெடித்துவிடும் என்று, "கடுமை, உடனை வாங்கோ" என்றுதான் சொல்லுவோம். கேட்கிறவர் விளங்கிக்கொள்வார். மேலே ஒன்றும் கேட்கமாட்டார். அத்தானுக்குத் தாய் செத்தபோது ஊரிலிருந்து அந்தச் சொல்தான் வந்தது. பெரியப்பா செத்தபோதும் அதே சொல். யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்கத் தெரிந்த விசயம் அன்றைக்கு அந்தக் குசினியில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவர் திரும்பத் திரும்பப் போன் அடித்திருக்கிறார். நாங்கள் சனியும் ஞாயிறும் பார்லிமென்ற் சதுக்கத்தில் சனத்தோடு சனமாகக் கத்திக்கொண்டு நின்றோம். அண்ணரின் மொபைல் நெரிசலில் விழுந்து உடைந்துவிட்டது. வீட்டுப் போன் அடித்து ஓய்ந்திருக்கிறது. செத்தவீட்டில் யார் போன் எடுப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டு நரசிம்மனுக்குச் சொல்லியிருக்கிறார். நரசிம்மனுக்குச் சொன்னால் ஊர் உலகத்துக்கே சொன்ன மாதிரி.

திங்கள் காலை ரேடியோவுக்குப் பிறகு அத்தானைப் பிடிக்கப் பார்த்தோம். அவர் வானத்தில் இருந்தார். பத்து மணிக்கு ஒரு பூக்கடை வான் வந்து நின்றது. வெள்ளைப் பூவில் 'அன்ரி' என்று இங்கிலிஷ் எழுத்தில் கட்டின மலர்வளையம். வான்காரன் துக்கமான முகத்தோடு கையெழுத்துக் கேட்டான். தன்னுடைய மலர்வளையத்துக்குத் தானே கையெழுத்து வைத்து வாங்கினாள் தவம்.

பிறகு சனம் வரத் தொடங்கியது. மணி அடித்தால் தவம் போய்த் திறப்பாள், வந்தவர் அலறுவார். கணபதி கோயில் அன்னதானக் குழுப் பெண் ஒருத்தி வாசலிலேயே மயங்கிவிட்டாள். "நீ உள்ளுக்கை போய் இரு, நாசமறுப்பே" என்று நான் தவத்தை இழுத்து விட்டேன். "என்ரை வீட்டிலை நான் ஒளிச்சிருக்கிறதோ?" என்று அவள் திரும்ப வருவாள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து தவத்தின் சிநேகிதி நகுலேஸ்வரி வந்தாள். அவளுடைய தங்கை குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டு மாசக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. உள்ளே வந்து தவத்தைப் பார்த்தாள். அலறவில்லை. கிட்டப் போய் இரண்டு கையாலும் அவளுடைய கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "ஒருத்தியெண்டாலும் திரும்பி வந்திட்டாள்" என்று சொல்லிவிட்டு, இருந்து அழுதாள். அதோடு அங்கே இருந்த எல்லாப் பெண்களும் அழத் தொடங்கினார்கள். அழுவதற்கென்று வந்தவர்கள்தானே. ஒவ்வொருத்தியிடமும் முகம்கூடப் பார்க்கக் கிடைக்காத ஒரு சாவு இருந்தது. தவமும் அழுதாள். நானும்தான். செத்தவீடு இல்லாத வீட்டில் அப்படி ஒரு செத்தவீடு நடந்தது.

பின்னேரம் மறுபடி மணி அடித்தது. தவம்தான் திறந்தாள்.

வாசலில் நீல மூக்குமூடி கட்டிய இரண்டு பேர். ஒருவர் அம்பலவாணன், கறுத்த கோட்டும் சவரம் செய்யாத கன்னமுமாக, கையில் ஒரு துணிப் பை. அவருக்குப் பின்னால் கறுத்தச் சட்டை போட்ட உருண்டையான பெண் ஒருத்தி.

"மெக்சிக்கோ!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். இவ்வளவு நேரமும் கட்டிப்பிடித்து அழுத சனத்தில் பாதி குசினிக் கதவால் தோட்டத்துக்குள் ஓடியது. மயங்கிக் கிடந்தவள்கூட எழும்பி ஓடினாள்.

தவம் ஓடவில்லை. அவர் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். "அண்ணை! வந்திட்டியளே!"

அத்தான் ஆடாமல் அசையாமல் நின்றார். மூக்குமூடியைக் கீழே இழுத்தார். "தவமே?" என்றார். அவளுடைய தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார். அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கூச்சல் போட்டாள், தெருவே திரும்பிப் பார்த்தது.

"எனக்கு ஒண்டுமில்லை அண்ணை. உந்தக் கோதாரிக் காய்ச்சல் எண்டு சொன்னாங்கள். உங்களை வரப்பண்ணத்தான்..."

அத்தான் உள்ளே வந்து மாடிப் படிக்கட்டில் தொப்பென்று இருந்தார். வாழ்நாளில் உரத்துக் கதைக்காத மனுசன் அன்றைக்குக் கத்தினார். "உங்களுக்கெல்லாம் விசரே? நான் வழி முழுக்க என்ன பாடுபட்டு வந்தன் எண்டு தெரியுமோ? எந்த முகத்தோடை உன்ரை பெட்டிக்குக் கிட்டப் போவன் எண்டு, எந்த முகத்தோடை..." மேலே அவரால் முடியவில்லை. துணிப் பை கையிலிருந்து சரிந்து, உள்ளே இருந்தது படியில் விழுந்தது. அரக்கு நிறக் காஞ்சிபுரம்.

எங்கள் முறையில் கலியாணம் கட்டிய பெண் செத்தால், கடைசியாக அவள்மேல் போடுகிற கோடிச் சீலை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். தாய் தகப்பன் இல்லாதவளுக்கு அண்ணன் கொண்டுவர வேண்டும்.

"அந்த ஊரிலை சீலைக்கு நான் எங்கை போறது?" என்றார் அத்தான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "இவதான் பெட்டியைத் திறந்து இதை எடுத்துத் தந்தவ."

அப்போதுதான் எல்லோரும் அந்தப் பெண்ணைச் சரியாகப் பார்த்தோம். எல்வீரா.

"உங்கடை வீட்டுச் சொந்தக்காரியெல்லோ?" என்றாள் தவம். "பாவம், இவவை ஏன் இவ்வளவு தூரம் அலைக்கழிச்சனீங்கள்?"

"என்ரை மனுசி" என்றார் அத்தான்.

ரேடியோவில் சாவைக் கேட்டபோதுகூட அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருக்கவில்லை. தோட்டத்துக்கு ஓடிய சனம் யன்னலால் எட்டிப் பார்த்தது. நான் வாயை மூட மறந்து நின்றேன். என்னை வேண்டாம் என்றவர், கிளிநொச்சி ரீச்சரை வேண்டாம் என்றவர், பாரிஸ் பிள்ளையை வேண்டாம் என்றவர்!

"எப்ப?" என்றாள் தவம்.

"மார்கழியிலை கலியாண எழுத்து வைச்சது."

தவம் அவரைத் தாண்டி மாடிக்கு ஏறிப் போனாள். அறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அத்தான் பின்னால் போய்க் கதவுக்கு வெளியே நின்றார். நானும் பாதிப் படியில் நின்றேன். இப்படி ஒரு கதையைக் கேட்காமல் விட நான் என்ன சாமியாரா?

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெட்கமாய் இருந்தது."

"எனக்குச் சொல்ல வெட்கமோ? உங்களுக்குப் பொம்பிளை தேடித் தேடியே தலை நரைச்சவள் நான்."

"அதுதான். நீ தேடினது எல்லாத்தையும் வேண்டாம் எண்டுபோட்டு, அறுபது கடந்தாப்பிறகு ஆசை வந்திட்டுது எண்டு உன்ரை முகத்தைப் பாத்து என்னெண்டு சொல்லுறது? நாலு சனம் உன்னையெல்லோ நக்கல் அடிக்கும்."

"அதுக்காண்டி ஒரேயடியாய் ஓடிப்போறதோ? நான் உயிரோடை இருக்கேக்கை வர ஏலாத மனுசன், செத்தவுடனை கோடியும் கொண்டு ஓடி வந்திருக்கிறியள். உங்களைப் பாக்கிறதுக்கு நான் சாகவேண்டிக் கிடந்தது."

அத்தான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

கீழே எல்வீரா விறைத்துப்போய் இருந்தாள். அண்ணரின் மகள் மேனுஷா பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படித்தவள். ஒரு கோப்பை தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவளோடு கதைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழும்பிப் படிக்குக் கீழே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, லிஸின்! அன்ரி என்ன சொல்லுறா தெரியுமா? ஃபோன் வந்ததிலை இருந்து மாமா சாப்பிடேல்லையாம். பிளேனிலை ஒரே ஒரு சென்ரென்ஸ்தான் சொன்னவராம். 'வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான், அதை நம்பிக்கொண்டே அவள் செத்திட்டாள்' எண்டு."

மேலே கதவு திறந்தது. தவம் முகம் கழுவியிருந்தாள். அத்தானை நிமிர்ந்தும் பார்க்காமல் விறுவிறென்று இறங்கி வந்தாள். படியில் கிடந்த சீலையை எடுத்து உதறினாள். எல்வீராவைக் கையில் பிடித்து எழுப்பி, கறுத்தச் சட்டைக்கு மேலேயே அதைச் சுற்றத் தொடங்கினாள்.

நான் ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்தேன். "மச்சாள்! செத்தவீட்டுக்குக் கொண்டுவந்த கோடியெல்லோ! மாப்பிள்ளையின்ரை தங்கச்சி பொம்பிளைக்குக் குடுக்கிற சீலையோ இது?"

"ஆர் செத்தது?" என்று என்னில் பாய்ந்தாள். "நான் செத்தனோ? என்ரை சீலை, நான் ஆருக்கும் உடுத்துவன். நிண்டு விடுப்புப் பாத்தது போதும், வந்து கொய்யகத்தைப் பிடி."

குனிந்து பிடித்தேன். என்ன செய்வது? என்னை வேண்டாம் என்ற மனுசனின் மனுசிக்குச் சீலை மடிப்புப் பிடித்துவிட்டவள் நான். எல்வீரா அழுதுகொண்டே சிரித்தாள். இடுப்பு உருண்டை, மடிப்பு நிற்கவில்லை, நாலு ஊசி குத்த வேண்டி வந்தது. யன்னலுக்கு வெளியே நின்ற சனம் காய்ச்சலை மறந்துவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. ஊறின உழுந்து சும்மா கிடக்கிறதே என்று அண்ணர் அடுப்பைப் பற்றவைத்தார்.

அத்தான் கடைசிப் படியில் நின்றார். தவம் தலைப்பைச் சரிசெய்துவிட்டு முதல் தடவையாக அவரை நேரே பார்த்தாள்.

"அண்ணை, நான் முந்திச் சொன்னது சொன்னதுதான். என்ரை செத்தவீட்டுக்கு நீங்கள் வரப்படாது. ரெண்டு பேரும் நான் இருக்கேக்கை வாங்கோ."